பதிவேட்டில் மறைய வேண்டியவை

மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியில், காட்டினிடையே தனித்து எழும் சிகிரியாக் குன்றின் மேற்குப் பக்கத்தில், ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் ஆட்சியிற் கட்டப்பெற்றுச் சாந்து பூசி மெருகேற்றப்பட்ட நீண்ட சுவரொன்று இன்றும் நிற்கின்றது. கண்ணாடிச் சுவர் என வழங்கும் அதன் மீது, மன்னன் மறைந்து அரண்மனை பாழடைந்த பின்னர் அங்கு வந்த பிரயாணிகள், மேலே பாறையில் தீட்டப்பட்டிருந்த மாதர் ஓவியங்களைக் கண்டு, தம் வியப்பைச் செய்யுளாகக் கீறி வைத்தனர். பலர் தம் பெயரையும் ஊரையும் பதவியையும் உடன் பொறித்தனர். தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான இவற்றுள் 685 செய்யுள்களை வாசித்து 1956 இல் நூலாகப் பிரசுரித்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்னார் இவ்வூரிலிருந்து இங்கு வந்தார் என்பதை இன்று நாம் அறிவது அந்தக் கீறல்களால்தான்.

அச்சுவரில் எழுதியவர்கள், எழுதுகிறோம் என்று அறிந்து, பிறர் வாசிக்க வேண்டும் என்று விரும்பி எழுதினார்கள். நம் காலத்திலோ, கைத்தொலைபேசியை எடுத்து ஒரு பொத்தானைத் தொடுகின்ற ஒவ்வொரு தடவையும், நாம் காணாத எங்கோ ஒரு கணினி நம்மைப் பற்றி ஒரு வரியை எழுதிக்கொள்கின்றது. அதை எழுதும்படி நாம் கேட்டதுமில்லை, எழுதியதை வாசித்துப் பார்த்ததுமில்லை. அவ்வரிகளில் எவை இருக்கலாம், எவை ஒருபோதும் இருக்கலாகாது, இருக்கலாகாதவற்றை விஞ்ஞானம் எவ்வாறு மறைக்கின்றது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்தில், விடியற்காலையில் மரக்கறி மூட்டைகளை இறக்கிய வியாபாரி ஒருவர், தோட்டக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கைத்தொலைபேசி வழியாக அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் சென்று சேரவில்லை. அவர் வங்கிக்கு முறையிடுகின்றார். வங்கியிலுள்ள பொறியியலாளர் குற்றம் எங்கே நேர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? கணினி நிரல் தன் செயல்களை நேர வரிசையிலே குறித்து வைக்கும் பதிவேட்டைத் திறந்து பார்ப்பார். கணினித் துறையினர் இதனை லொக் என்பர். அதில், “காலை 5:42:10, பணம் அனுப்பும் வேண்டுகோள் கிடைத்தது, அடையாள அட்டை இலக்கம் இன்னது, இரகசிய இலக்கம் இன்னது, மறுமுனையோடு இணைப்பு அறுந்தது” என்று ஒரு வரி கிடக்கக்கூடும். குற்றத்தைத் திருத்துவதற்கு அவ்வரியிலுள்ள நேரமும், இணைப்பு அறுந்தது என்ற செய்தியும் போதும். அடையாள இலக்கமும் இரகசிய இலக்கமும் அங்கே வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நிரலை எழுதியவர், வந்த வேண்டுகோள் முழுவதையும் அப்படியே பதிந்துவிடு என்று ஒரே கட்டளையாக எழுதிவிட்டமையால் அவை வந்து சேர்ந்தன. இத்தகைய விபத்துகள் பலவற்றின் மூலகாரணம் இந்தச் சோம்பலே.

ஆயின் பதிவேடே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? மாத்தளை மண்ணில் வாழ்வோர் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த தமிழ்த் தொழிலாளரில் வழியிலேயே மாண்டவர் பலருடைய பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களுடைய சந்ததியார், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பரம்பரைக்கு ஆதாரம் கேட்டபோது, காட்டுவதற்குப் பத்திரமின்றி நாடற்றவராயினர். பதிவு இல்லாமையால் ஒரு சமூகம் எவ்வளவு துன்புறக்கூடும் என்பதை அந்தச் சரித்திரம் அறியும். ஆதலால் பதிவேடு பகையன்று. பணம் காணாமற் போனவனுக்கும், கணக்கில் கள்வன் புகுந்துவிட்டவனுக்கும் அதுவே சாட்சி. அச்சாட்சியிடம் எதைச் சொல்லிவைப்பது, எதைச் சொல்லாதிருப்பது என்பதுதான் கேள்வி.

கடவுச்சொல் கணினியிற் புகுந்த காலந்தொட்டே இக்கேள்வியும் உடன் வருகின்றது. 1961 இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறை பேராசிரியர் பெர்னாண்டோ கொர்பட்டோவின் தலைமையில் அமைந்தபோது, ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. 1966 இல் ஒருநாள், நிரலிலிருந்த பிழையொன்றினால், அன்றைய வரவேற்புச் செய்தி வர வேண்டிய இடத்திலே கடவுச்சொற்களின் முழுப் பட்டியலும் வந்து, உள்ளே நுழைந்த அனைவர் கண்ணிலும் பட்டது. எழுத்தை எழுத்தாகவே சேமித்து வைப்பதன் அபாயத்தை உணர்ந்தோர், வேறொரு வழியை வகுத்தனர். கடவுச்சொல்லை ஒருவழிக் கணிப்பினுள் செலுத்தி, வெளிவரும் உருத்தெரியாத எழுத்துக் கோவையை மட்டும் சேமிப்பதும், மறுமுறை அச்சொல் தரப்படும்போது அதே கணிப்பைச் செய்து ஒப்புநோக்குவதுமே அவ்வழி. றொபர்ட் மொறிஸ், கென் தொம்சன் என்னும் இருவர் 1979 இல் இதனை விரித்து எழுதினர். கோவையிலிருந்து சொல்லை மீட்கும் நேர்வழி இல்லை. எனவே சேமிப்பிடத்தைக் கொள்ளையிட்டவனுக்கும் சொல் எளிதிற் கிட்டுவதில்லை.

இந்த அரண் இருந்தும் பெரிய ஸ்தாபனங்கள் இடறின. 2018 மே மாதம் 3 ஆந் திகதி டுவிட்டர் நிறுவனம், ஏறக்குறைய 33 கோடியாக இருந்த தன் பயனர் அனைவரையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. அந்நிறுவனம் சேமிப்பிடத்தில் ஒருவழிக் கணிப்பையே பயன்படுத்தி வந்தது. ஆனால் அக்கணிப்பு முடிவதற்கு முன்னரே, உள்ளகப் பதிவேடு ஒன்று கடவுச்சொல்லை அப்படியே எழுதிக்கொண்டுவிட்டது. அதே வாரத்தில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நிறுவனமும் தன் பயனர் சிலருக்கு இதனையொத்த அறிவித்தலை அனுப்பியது. 2019 மார்ச் மாதத்தில், கோடிக்கணக்கான பயனரின் கடவுச்சொற்கள் தன் உள்ளகக் கணினிகளில் வாசிக்கத்தக்க எழுத்தாகவே கிடந்தன என்று பேஸ்புக் ஒப்புக்கொண்டது. அதற்காக 2024 செப்டெம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு விதித்த அபராதம் 9 கோடியே 10 இலட்சம் யூரோ. தலைவாசலுக்கு இரட்டைத் தாழிட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்ததை ஒத்த இந்நிகழ்ச்சிகள், மறைத்தல் எந்தக் கணத்தில் நிகழ வேண்டும் என்பதைத் தெளிவாக உணர்த்துகின்றன. அது வரி எழுதப்படுவதற்கு முன்னரே நிகழ்ந்தாக வேண்டும். ஏனெனில் எழுதப்பட்ட வரி எழுதிய இடத்திலே கிடப்பதில்லை. சில விநாடிகளில் மத்திய சேகரிப்பிடத்துக்கும், அங்கிருந்து காப்புப் பிரதிகளுக்கும், சில வேளை வேறொரு கொம்பனியின் ஆய்வுக் கருவிக்கும் பரவிவிடுகின்றது. பரவியதைத் தேடித் தேடி அழிப்பது கூடுமான காரியமன்று.

முன்கூட்டியே மறைக்கும் வேலையை ஒரு சல்லடை செய்கின்றது. நிரல் ஒரு வரியைப் பதிவேட்டுக்கு அனுப்பும்போது, இடைவழியில் நிற்கும் இச்சல்லடை, வரியை எழுத்தெழுத்தாக வாசித்து, தன்னிடம் தரப்பட்ட வடிவங்களோடு ஒப்பிட்டு, பொருந்துகின்ற பகுதியை நீக்கி நட்சத்திரக் குறிகளை இட்டு அனுப்புகின்றது. வடிவங்களை எழுதுவதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் வாய்பாடு உதவுகின்றது. “கடவுச்சொல் என்ற சொல்லுக்கும் சமக் குறிக்கும் பின்னால், அடுத்த இடைவெளி வரையில் வருவன எல்லாம்” என்பதைச் சில குறியீடுகளில் அடக்கிவிடும் கணிதம் அது. அதன் அடிப்படையை அமைத்த ஸ்டீபன் கிளீனியின் ஆய்வுரை, பரணவிதானவின் சிகிரியா நூல் வெளிவந்த அதே 1956 இல் அச்சேறியது. இந்த உத்தி நம் நாட்டாருக்கும் அந்நியமானதன்று. சஞ்சீவ வீரவரணவும் அவருடைய தோழரும் 2005 இல் தொடங்கிக் கொழும்பிலே வளர்ந்து, இன்று உலகின் பல தேசங்களில் வங்கிகளும் அரசாங்கங்களும் பயன்படுத்தும் மென்பொருளைத் தருகின்ற டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் ஆக்கங்களில், மறைக்க வேண்டிய வடிவங்களை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால், பதிவேட்டில் அவை தோன்றும் இடமெல்லாம் நட்சத்திரக் குறிகளாக மாறும் வசதி உண்டு.

வடிவத்தை மட்டும் கொண்டு தேடினால், மறைக்க வேண்டாதவையும் மறைந்துபோகும். வங்கி அட்டை இலக்கம் பெரும்பாலும் 16 இலக்கமுடையது. ஆனால் 16 இலக்கமுடைய சரக்குச் சீட்டு எண்ணும், நேரக் குறிப்பும் பதிவேட்டில் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954 இல் காப்புரிமை கோரிய கணக்கு உதவுகின்றது. வலக்கோடியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது என்று ஒன்றுவிட்ட இலக்கங்களை இரட்டிக்க வேண்டும். இரட்டித்தது 9 ஐத் தாண்டினால் அதன் இரு இலக்கங்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும். முடிவில் எல்லாவற்றினதும் கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். 1859 என்ற சிறிய எண்ணை எடுத்துப் பார்ப்போம். 9 அப்படியே நிற்கும், 5 இரட்டித்து 10 ஆகி 1 ஆகும், 8 அப்படியே, 1 இரட்டித்து 2. கூட்டினால் 20, எண் சரியானது. ஈற்று இலக்கங்கள் இரண்டும் இடம்மாறி 1895 ஆனால் கூட்டுத்தொகை 24 ஆகிப் பிழையைக் காட்டிவிடும். எழுந்தமானமாக எடுத்த பத்து எண்களில் சராசரியாக ஒன்றே இச்சோதனையில் தேறும் என்பதால், அட்டை இலக்கத்தை ஓரளவு நம்பிக்கையோடு இனங்காணச் சல்லடையால் முடிகின்றது. அட்டை வியாபாரத்தின் சர்வதேச விதிகள், திரையிற் காட்டும்போது அட்டை வழங்கிய நிறுவனத்தைக் குறிக்கும் முன்னிலக்கங்களையும் கடைசி நான்கையும் மட்டுமே வெளிவிடலாம் என்கின்றன; அட்டையின் பின்புறத்திலுள்ள மூன்றிலக்கக் குறியையோ, கொடுக்கல் அனுமதிக்கப்பட்ட பின்னர் எவ்விதத்திலும் சேமித்து வைக்கலாகாது என்று முற்றாகத் தடுக்கின்றன.

எவ்வளவு நுண்ணிய சல்லடையாயினும் அதற்குக் கண் தப்பும் இடங்கள் உண்டு. “கடவுச்சொல்” என்று தேடச் சொன்னால், வேறொரு நிரலாளர் “இரகசியம்” என்று பெயரிட்டது தப்பிவிடும். இணையத்தில் அனுப்புவதற்காக எழுத்துகளை வேறு குறிமுறைக்கு மாற்றியிருந்தால், அதே சொல் வேற்றுருவில் நுழைந்துவிடும். எத்தனை எழுத்தோ அத்தனை நட்சத்திரம் என்று இட்டால் கடவுச்சொல்லின் நீளம் வெளிப்படும். ஆதலால் எதற்கும் ஒரே எண்ணிக்கையில் இடுவதே முறை. இவற்றிலும் நுட்பமான ஒன்று, பயனர் அவசரத்தில் செய்யும் பிழை. பெயரை எழுத வேண்டிய கட்டத்தில் கடவுச்சொல்லை எழுதிப் பொத்தானை அழுத்திவிடுகிறார். “இப்பெயருடைய பயனர் இல்லை” என்று நிரல் குறித்துக்கொள்கின்றது. குறித்த அந்தப் ‘பெயர்’ அவருடைய கடவுச்சொல். அடுத்த வரியில், சில விநாடி கழித்து, அதே இடத்திலிருந்து அவர் சரியான பெயரோடு நுழைந்ததும் பதிவாகின்றது. இரு வரிகளையும் அடுத்தடுத்து வாசிப்பவனுக்குப் பூட்டும் திறவுகோலும் ஒருங்கே கிடைத்துவிடுகின்றன. எந்த வாய்பாடும் இதனைப் பிடிக்காது. தோற்ற நுழைவு முயற்சிகளில் பயனர் எழுதியதை அப்படியே பதியாதிருப்பதே இதற்கு மருந்து.

எதை மறைப்பது என்பதிலும் யோசனை வேண்டும். இந்தியாவின் ஆதார் இலக்கம் 12 இலக்கமுடையது; அது எழுந்தமானமாக வழங்கப்படுவது; ஆதலால் முதல் எட்டையும் மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் வழக்கத்தினால் உடையவரைப் பற்றி எதுவும் வெளிப்படுவதில்லை. நமது தேசிய அடையாள அட்டையின் இயல்பு வேறு. பழைய அட்டையிலுள்ள ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். 85540 என்று ஓர் இலக்கம் தொடங்கினால், அவர் 1985 ஆம் ஆண்டின் 40 ஆம் நாளாகிய பெப்ரவரி 9 இல் பிறந்த பெண் என்பது கண்ட மாத்திரத்தே விளங்கும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையிலும் ஆண்டு நான்கு இலக்கமாக விரிந்தாலும் இம்முறை மாறவில்லை. ஆகவே, பின்னிலக்கங்களை மறைத்து முன்னிலக்கங்களைக் காட்டும் நிரலாளர், மறைத்துவிட்டோம் என்ற திருப்தியோடு பிறந்த நாளையும் பாலையும் ஊரறிய வெளியிடுகின்றார்.

இதனால் என்ன கேடு என்று கேட்போருக்கு ஒரு சிறு கணக்கு விடை சொல்லும். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளை மாவட்டத்தின் சனத்தொகை ஏறக்குறைய 4 இலட்சத்து 84 ஆயிரம். எண்பது ஆண்டுப் பிறப்புகள், ஆண்டுக்கு 365 நாள், இரு பால் என்று வகுத்தால் 58,400 பிரிவுகள் கிடைக்கும். ஒரு பிரிவுக்குச் சராசரியாக எட்டுப் பேர். மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருப்பதால், அவர் இரத்தோட்டைக்காரர் என்றோ உக்குவளைக்காரர் என்றோ பதிவேட்டின் இன்னொரு வரி சொல்லிவிடுமாயின், அந்த எட்டும் பெரும்பாலும் ஒன்றாகச் சுருங்கிவிடும். அமெரிக்காவில் லதான்யா சுவீனி என்ற விஞ்ஞானி 2000 ஆம் ஆண்டிலேயே, பிறந்த திகதி, பால், ஐந்திலக்கத் தபாற்குறி ஆகிய மூன்று மட்டும் தெரிந்தால் அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு 87 பேரைத் தனித்து இனங்காணலாம் என மதிப்பிட்டார். பெயரை மறைத்தாலும் ஆள் மறைவதில்லை என்பது இதன் சாரம்.

அப்படியாயின் அடையாள இலக்கத்தையும் ஒருவழிக் கணிப்பினுள் செலுத்திவிடலாமே என்று தோன்றும். அங்கும் ஓர் இடறல் உண்டு. நூறு ஆண்டுப் பிறப்புகளுக்கு உரிய 12 இலக்க அடையாள எண்கள் அத்தனையையும் எழுதினாலும் மொத்தம் 732 கோடிக்கு மேற்போகாது. சாதாரணமான ஒருவழிக் கணிப்பாயின், விளையாட்டுப் பிரியர் வாங்கும் வரைகலை அட்டையொன்று விநாடிக்குப் பல நூறு கோடி தடவை அதனைச் செய்யவல்லது. எனவே எல்லா எண்களுக்கும் கணித்துப் பார்த்து, பதிவேட்டிலுள்ள கோவை எந்த எண்ணுடையது என்று கண்டுபிடிக்கச் சில விநாடிகளோ நிமிஷங்களோ போதும். இதைத் தடுக்கவே, கணிப்பினுள் ஓர் இரகசியத் திறவையும் கலக்கும் முறை வழக்கிலிருக்கின்றது. மிகிர் பெல்லாரே, ரன் கனெட்டி, ஹியூகோ கிராவ்சிக் ஆகிய மூவரும் அதனை 1996 இல் வெளியிட்டனர். திறவு இல்லாதவன் எத்தனை கோடி கணித்தும் பயனில்லை; திறவைப் பதிவேட்டுக்கு அப்பால் வேறிடத்தில் காத்து வைத்தால், ஒரே பயனரின் வரிகளைப் பொறியியலாளர் கோவையைக் கொண்டு தொடர்புபடுத்திக் குற்றத்தை ஆராயலாம்; அவர் யார் என்பதை மட்டும் அறியமாட்டார். குற்றம் தேடுவோனுக்கு வேண்டுவதும் அவ்வளவே.

நம் நாட்டுச் சட்டமும் இத்திசையிலே நடக்கத் தொடங்கியிருக்கின்றது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்கு வேண்டிய அளவு தரவையே கையாள வேண்டும் என்றும், வேண்டிய காலத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்றும், மறைகுறியாக்கம், அடையாள நீக்கம், அணுகல் கட்டுப்பாடு போன்ற ஏற்பாடுகளால் அதனைக் காக்க வேண்டும் என்றும் விதிக்கின்றது. பதிவேடும் தரவே. வாடிக்கையாளர் விபரங்களைப் பூட்டிவைத்துவிட்டுப் பதிவேட்டை மறந்துவிட்ட நிறுவனம், சட்டத்தின் ஒரு பாதியை மட்டுமே நிறைவேற்றியதாகும்.

மாத்தளையிலும் தம்புள்ளையிலும் இன்று நிரலாக்கம் கற்கின்ற இளைஞரும் யுவதிகளும் நாளை வங்கிகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மென்பொருள் எழுதப்போகின்றவர்கள். அவர்களுக்கு ஆசிரியர்கள் முதல் நாளிலேயே சொல்லித்தர வேண்டியது ஒன்றுண்டு: பதிவேட்டுக்கு ஒரு வரி எழுதுமுன், இதிலுள்ள எந்தச் சொல் இல்லாவிடினும் குற்றத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று கேட்டு, அச்சொல்லை எழுதாமலே விடுங்கள், எழுதியே ஆக வேண்டியதைத் திறவோடு கூடிய கணிப்பால் மாற்றி எழுதுங்கள், சல்லடையை அதற்குப் பின்னால் நிற்கும் காவலாக மட்டும் கொள்ளுங்கள், பழைய பதிவேட்டைக் காலந்தவறாது அழியுங்கள். நிரலெழுதாத நாமும் செய்யத்தக்கது உண்டு. ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வழங்காதிருப்போம். கைதவறிப் பெயர்க் கட்டத்தில் அதை எழுதிவிட்டால், அன்றைக்கே மாற்றிக்கொள்வோம். எழுதப்படாத இரகசியத்தை எந்தக் கள்வனாலும் வாசிக்க இயலாது.